இடப் பக்கம், வலப் பக்கம்

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் 9 நோட்டுகள் இருக்கின்றன. 7 வருஷத்துக் கணக்கு. மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த வாரம் அவற்றில் முதலாவதை வாங்கினேன். அப்போது அவளுக்கு 7 வயது, இளையவளுக்கு 4. இப்போது 14, 11.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல கதை எதுவும் இல்லை. யாரும் அவளை அடிக்கவில்லை, அவமானப்படுத்தவில்லை. மார்க்கும் மோசமில்லை. பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டே வருஷத்தில் "இது டெஸ்ட்ல வருமா?" என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றாள். அதற்காகவா என்றால், ஆமாம், அதற்காகத்தான்.

முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட டைம்டேபிள். 9 மணிக்குக் கணக்கு, 9.40-க்குத் தமிழ், 10.20-க்கு அறிவியல். 40 நிமிஷத்துக்கு ஒருமுறை போனில் மணி அடிக்கும். அடித்தால், பாதி வரைந்த வண்ணத்துப்பூச்சியை அப்படியே மூடிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்க வேண்டும். மூன்றாவது வாரம் போனைக் காணவில்லை. தேடிக்கொண்டிருந்தபோது அழுக்குத்துணிக் கூடையின் அடியிலிருந்து மணி அடித்தது. என் மனைவி அதை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "அவளைப் பள்ளிக்கூடத்திலேருந்து கூட்டிட்டு வந்துட்டோம்னு நினைச்சேன். நீங்க பள்ளிக்கூடத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

அந்த நாட்களில் சொந்தக்காரர்களை மடக்க ஓர் ஆயுதம் வைத்திருந்தேன். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் எழுதிய கட்டுரை. தனி ஆசிரியரிடம் படித்த மாணவர்களில் சராசரியான ஒருவர், வழக்கமான வகுப்பறையில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுகிறார் என்பது அதன் சாரம். யார் வாயைத் திறந்தாலும் 98 என்பேன். ஒழுங்காக உட்கார்ந்து படித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சோதித்துப் பார்த்து, தவறியதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அத்தனை பெரிய வித்தியாசம் தெரியவும் இல்லை. நான் செய்துகொண்டிருந்தது வேறு. ஒரே ஒரு குழந்தையை எதிரே உட்காரவைத்து 40 பேருக்குப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தேன்.

நான்காவது மாதம் டைம்டேபிளைக் கிழித்துவிட்டு நோட்டை வேறு மாதிரி எழுத ஆரம்பித்தேன். இடப் பக்கத்தில் அன்று நான் சொல்லிக்கொடுத்தது. வலப் பக்கத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது என்று எனக்குக் கண்ணால் தெரிந்தது, அதாவது யாரும் கேட்காமல் அவர்களாகச் செய்தது மட்டும். இடப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. வலப் பக்கம் நாள்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை நாலு வரி. அந்த நாலு வரிக்கும் அதற்கு எதிரே இருக்கிற இடப் பக்கத்துக்கும் பெரும்பாலும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

இளையவளின் வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5 வயதிலேயே அக்கா எழுத்துக்கூட்டிவிட்டாள் என்பதால் இவளுக்கும் 5 என்று முடிவுசெய்துவிட்டேன். 6 வயதில் அவள் 'கே' எழுதிய விதம் இன்னும் நோட்டில் இருக்கிறது. முதலில் க, அதற்குப் பிறகு இரட்டைக் கொம்பு. திருத்தினேன். மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை பென்சிலைக் கீழே வைத்தாள்.

"க் சொல்லிட்டுத்தானேப்பா ஏ சொல்றோம்? அப்புறம் எதுக்கு ஏ-வை முன்னாடி எழுதறது?"

நாற்பது வருஷமாகத் தமிழ் எழுதுகிறவன் நான். ஒருநாளும் தோன்றியதில்லை. காதில் பின்னால் விழுவது கையில் முன்னால் வருகிறது. 'கோ' இன்னும் மோசம், ஓர் ஒலிக்கு இரண்டு பக்கமும் காவல். அவள் எழுதியது தப்பு, அவள் கேட்டது சரி. பதில் தெரியாததால் எனக்குத் தெரிந்த வேறொன்றைச் சொன்னேன். ஒரு காலத்தில் கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறில் என்று காட்ட மேலே புள்ளி வைக்க வேண்டும், ஓலையில் எழுதியவர்கள் அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனியாக இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்தார் என்பார்கள். அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சில் இருந்த, தும்பிக்கை தூக்கிய 'லை'யையும் காட்டினேன். அதை ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எழுத்தை மாத்தலாமா? யார் வேணும்னாலும் மாத்தலாமா?"

அடுத்த ஒரு வருஷம் அவள் எழுத்துகளைக் கண்டுபிடித்தாள், படிக்கவில்லை. தனக்கென்று ஒரு லிபி, அதில் அக்காவுக்குக் கடிதங்கள், ஒன்றுகூட அக்காவுக்குப் புரியாது. இடப் பக்கத்தில் 'உயிர்மெய் பயிற்சி', 'உயிர்மெய் பயிற்சி' என்று நான் எழுதிக்கொண்டே போனேன். ஏழு முடிந்தது. எட்டு தொடங்கியது. ராத்திரி தூக்கம் வராமல், படிக்கத் தாமதமாகிற குழந்தைகளைப் பற்றிப் போனில் தேடிப் படித்துப் பயந்துகொண்டு கிடந்தேன். கண் பரிசோதனைக்கும் அழைத்துப் போனோம், கண்ணில் ஒன்றுமில்லை. தாமதம் எல்லாமே தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்துகள் உண்மையிலேயே நழுவுகிற குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சீக்கிரமே உதவி வேண்டும். எங்கள் விஷயத்தில் அதுவல்ல என்று தெரிவதற்குள் எனக்கு முடி நரைத்தது, அவ்வளவுதான்.

எட்டரை வயதில் ஒருநாள், துணி துவைக்கிற இடத்திலிருந்து குரல் கேட்டது. "குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." சோப்புத்தூள் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "குழந்தைகள்னா யாரு, நானா?" வலப் பக்கத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு எதிரே, இடப் பக்கத்தில் அன்று இருப்பது 7-ஆம் வாய்ப்பாடு.

மூத்தவள் கதை வேறு. அவளுக்கு எல்லாம் வேகம். பின்னத்தில்தான் வண்டி நின்றது. 10 வயது. 1/2 + 1/3 எவ்வளவு என்றேன். 2/5 என்று எழுதினாள். மேலே இருப்பதோடு மேலே இருப்பதை, கீழே இருப்பதோடு கீழே இருப்பதைக் கூட்டியிருக்கிறாள். உலகம் முழுக்கக் குழந்தைகள் செய்கிற தப்பு. பகுதியைச் சமமாக்கிவிட்டுத்தான் தொகுதியைக் கூட்ட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"இருப்பா. சனிக்கிழமை பேட்மிண்டன்ல ரெண்டு கேம் ஆடினேன். எத்தனை ஜெயிச்சேன்?"

"ஒண்ணு."

"ரெண்டுல ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மூணு கேம். ஒண்ணு ஜெயிச்சேன். மூணுல ஒண்ணு. ரெண்டையும் சேர்த்தா அஞ்சுல ரெண்டு. எங்கே தப்பு?"

எனக்குத் தெரியவில்லை. தப்பு என்று தெரியும், எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். பாடம் சொல்லிக்கொடுப்பவனாக நான் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டினேன். ஒன்றில் பாதி, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் வரிசையாக ஒட்டவைத்தால் முழுப் பட்டைக்குக் கொஞ்சம் குறைவு, 5/6. அவளுடைய 2/5 பட்டையையும் வெட்டி அருகில் வைத்தேன். அது பாதிப் பட்டையைவிடக் குட்டையாக இருந்தது. பார்த்தாள். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறையுமா? சேச்சே." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என் மேட்ச் கணக்கு தப்பில்லையே?"

தப்பில்லைதான். பட்டையில் இரண்டு பின்னங்களும் ஒரே முழுமையைப் பங்கு போடுகின்றன. மேட்ச்சில் முழுமையே வேறு வேறு, ஒன்றில் 2, இன்னொன்றில் 3. அவள் செய்தது கூட்டல் அல்ல, வேறொரு கணக்கு. அந்த வேறொரு கணக்கு என்ன செய்கிறது என்று பார்க்க உட்கார்ந்துவிட்டாள். 1/3-க்கும் 1/2-க்கும் நடுவில் 2/5. 2/5-க்கும் 1/2-க்கும் நடுவில் 3/7. 1/3-க்கும் 2/5-க்கும் நடுவில் 3/8. எதை எடுத்தாலும் விடை இரண்டுக்கும் இடையில்தான் வந்து விழுகிறது. தேடிப் பார்த்தபோது ஜான் ஃபேரி என்பவர் கிடைத்தார். கணித மேதை இல்லை, நிலவியல்காரர். 1816-இல் பின்னங்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு இதையேதான் கவனித்து ஒரு பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார், அவருக்கு முன்பே 1802-இல் ஆரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டிருக்கிறார், நிரூபித்தவர் கோஷி என்ற கணித மேதை. பகுதி 5 வரைக்குமான பின்னங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொன்னேன். 1/5, 1/4, 1/3, 2/5, 1/2... நடுவில் இருக்கும் எதை எடுத்தாலும், இரண்டு பக்கத்து அண்டை வீட்டாரையும் அவள் முறைப்படி சேர்த்தால் அதுவே வருகிறது. 1/5, 1/3 இரண்டையும் சேர்த்தால் 2/8, அதாவது 1/4. அன்று மத்தியானம் வரைக்கும் அவளை எழுப்ப முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஆகா, அன்றோடு பின்னம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் 3/4 + 2/3 போடச் சொன்னபோது 5/7 என்று எழுதினாள். இடப் பக்கத்தில் பின்னக் கூட்டல் என்றிருப்பது மார்ச்சில். வலப் பக்கத்தில் வந்தது நவம்பரில். தங்கையின் பொம்மை வீட்டுக்கு அட்டையில் கூரை வெட்டும்போது, ஓரத்தில் பென்சிலால் 17/12 என்று குறித்திருந்ததைக் குப்பையிலிருந்து எடுத்தேன். 8 மாதம் அது எங்கே இருந்தது, யார் தண்ணீர் ஊற்றினார்கள், எனக்குத் தெரியாது.

வீட்டிலேயே படிக்கவைக்கிறவர்களுக்குள் கட்சிகள் உண்டு. ஒரு பக்கம் பாடத்திட்டம், கால அட்டவணை. மறுபக்கம் குழந்தை போகிற வழியில் விட்டுவிடு என்கிறவர்கள். பின்னதற்கு 'அன்ஸ்கூலிங்' என்று பெயர் வைத்த ஜான் ஹோல்ட் பள்ளி ஆசிரியராக இருந்து பார்த்தவர், 1977-இல் இதற்காகவே ஒரு பத்திரிகை தொடங்கியவர். நான் முதல் வருஷம் முதல் கட்சி, மூன்றாம் வருஷம் இரண்டாம் கட்சி, இப்போது எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. இளையவள் எதிர்ம எண்களை, குழந்தைகள் கணினியில் நிரல் எழுதிப் பழகுகிற ஸ்கிராட்ச்சில் பூனையை ஓட்டித்தான் கற்றுக்கொண்டாள். திரையின் நடுப்புள்ளி பூஜ்யம், வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. பூனை இடது பக்கம் ஓட வேண்டுமானால் மைனஸைக் கூட்டித்தான் ஆக வேண்டும். நான் அடுத்த வருஷத்துக்கு என்று வைத்திருந்த பாடம். அதே பிள்ளை வாய்ப்பாட்டை எந்தப் பூனையிடமும் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் 10 நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லவைத்துத்தான் வந்தது. ஆக, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது?

நிலா பார்த்ததையும் சொல்ல வேண்டும். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தாமதமாக உதிக்கும் என்று சொல்லியிருந்தேன். இளையவளுக்கு அப்போது 9. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நிலா தலைகாட்டும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தாள். முழுநிலவுக்கு அடுத்த நாள் தொடங்கி மூன்று நாள். ஒரு நாள் இடைவெளி 43 நிமிஷம், மறுநாள் 56. "நீ சொன்னது தப்பு." 50 என்பது சராசரி என்றேன். நம்பவில்லை. நான்காம் நாள் நிலா தொட்டிக்கு மேல் வரவே இல்லை, அடுத்த கட்டடத்தின் பின்னாலிருந்து வந்தது. நேரம் மட்டுமல்ல, உதிக்கும் இடமும் நகர்கிறது என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை. அப்படி நின்று கவனித்ததே இல்லை. அதற்குள் நள்ளிரவை நெருங்கிவிட்டதால் அம்மா விளக்கை அணைத்தாள். அந்த நோட்டு நாலு நாளோடு நிற்கிறது.

பேட்மிண்டன் தொடர்ந்தது. ஓவியம் வந்தது, போனது. நீச்சல் இரண்டு பேருக்கும் வந்தது. மூத்தவள் வயலின் 2 வருஷம் வாசித்தாள். 'ஆர்வம் குறைந்துவிட்டது, அவளே விட்டுவிட்டாள்' என்று ஆறாவது நோட்டில் எழுதியிருக்கிறேன். வயலின் பெட்டி அலமாரிக்கு மேல் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பழகத் தெரியுமா என்ற கேள்வியை ஒரு பத்தியோடு விட்டுவிடுகிறேன். தெரியும். மூத்தவள் ஆளைப் பார்த்துத்தான் பேசுவாள். இளையவள் யாரிடமும் பேசுவாள், நிறுத்துவதுதான் சிரமம். அடுத்தது சட்டம்: அது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பொதுவாக அனுமதியே கிடையாது, அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் உண்டு, விதிகள்தான் வேறு. தொடங்குகிறவர்கள் முதலில் அதைப் படியுங்கள், என்னைப் படிப்பது அப்புறம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம். வேலை முடித்து எழுந்து வந்தால், மூத்தவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் 8 நோட்டுகள். கையில் பச்சைப் பேனா. நான் நோட்டுகளைப் பூட்டி வைத்ததில்லை, அவள் எடுத்துப் பார்ப்பாள் என்று நினைத்ததும் இல்லை.

நான்காவது நோட்டில் அவளுக்கு 9 வயதானபோது எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினாள். வலப் பக்கத்தில் என் கையெழுத்து: 'இன்று எதிலும் கவனமில்லை. சோம்பல்? நாளை முதல் கண்டிப்பாக இருக்க வேண்டும்.' அதற்குக் கீழே பச்சையில்: 'அன்னைக்குத்தான் பக்கத்து வீட்டு அக்கா வீடு காலி பண்ணிட்டுப் போனாங்க. ஜன்னல்லேருந்து வண்டியைப் பார்த்துட்டு இருந்தேன். நீ என்னன்னு கேட்கவே இல்லை.'

அப்படி 11 இடங்களில் பச்சை மை. சிலது சின்னத் திருத்தம்தான், 'இது நான் இல்லை, தங்கச்சி' என்பது மாதிரி. வயலின் வரிக்குக் கீழே: 'நான் விடலை. நான் வாசிக்கும்போது நீ கடிகாரத்தைப் பார்த்துட்டே இருப்பே. அதான் நிறுத்தினேன்.'

30 நிமிஷம் பயிற்சி என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் 30 நிமிஷத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"திரும்ப ஆரம்பிக்கறியா?" என்றேன்.

"வேண்டாம்பா. இப்போ நிஜமாவே ஆர்வம் இல்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆனா இனிமே என்னைப் பத்தி எழுதறதா இருந்தா என்கிட்ட காட்டிட்டு எழுது."

அது இப்போது வீட்டில் சட்டம். இந்தக் கட்டுரையையும் படித்துவிட்டாள். ஒரு பத்தியை அடித்துவிட்டாள். நல்ல பத்தி.

இப்போது அவள் தனித்தேர்வராகப் பொதுத்தேர்வு எழுதத் தயாராகிறாள். பாடத்திட்டத்தை அவளே இறக்கி, அவளே வாரக்கணக்குப் பிரித்து, சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட டைம்டேபிள். நான் வாயே திறக்கவில்லை. பழைய கேள்வித்தாள்களை நேரம் பார்த்து எழுதுகிறாள், கதவு மூடியிருக்கும். எப்போதாவது வேதியியலில் சந்தேகம் வந்தால் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் கச்சேரி ஆகிவிடும் என்பது இரண்டு பேரின் தீர்ப்பு. அவளுடைய இடப் பக்கம் 5 மாதமாக வெறுமையாக இருக்கிறது. வலப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது கதவுக்கு அந்தப் பக்கம்.

இளையவள் சிறுவயதிலிருந்து பள்ளிக்கூடத்தைக் கதையில்தான் கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் போய்ப் பார்க்கிறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. ஏழு வருஷமாக ஊரெல்லாம் வாதாடிவிட்டு, சேர்க்கைப் படிவத்தை நானே போய் வாங்கி வந்தேன். 'இதற்கு முன் படித்த பள்ளி' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். கோடு போடச் சொன்னேன். போட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் வாசலில் காத்திருந்தேன். பையைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, அங்கே 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கறாங்க. நான் மேப்ல பாதிதான் கலர் பண்ணியிருந்தேன், மூடுன்னுட்டாங்க. அப்படியே மூடணுமாம்."

உள்ளே மூத்தவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"போவேனே. மீதி மேப் இருக்கே."